யோடர் என்னும் குடும்பப் பெயர்: பிறந்த ஊரில் அரிது, புகுந்த நாட்டில் ஏராளம்

அமெரிக்காவின் ஒஹையோ, இண்டியானா, பென்சில்வேனியா மாநிலங்களின் சில சிற்றூர்களில் கடைப் பலகைகளையும் தபால் பெட்டிகளையும் படித்துக்கொண்டே நடந்தால் ‘யோடர்’ என்ற பெயர் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். அந்தப் பெயர் பிறந்த சுவிட்சர்லாந்திலோ அது அரிய பெயர்களுள் ஒன்று. பெர்ன் மாநிலத்துக்கு வெளியே வளர்ந்த சுவிஸ்காரர் பலர் அதைத் தம் பள்ளி வகுப்பில் கேட்டே இருக்க மாட்டார்கள்.

இந்த முரணைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக மூன்று கதைகளில் ஒன்றைச் சொல்வார்கள். ஆல்ப்ஸ் மலைவாசிகள் தொண்டையை உடைத்துப் பாடும் யோடலிங்கிலிருந்து இந்தப் பெயர் வந்தது என்பது முதல் கதை. நம் சந்திரபாபு திரையில் பாடிக் காட்டிய அதே கூவல்தான். அரிய பெயர் என்றால் உயர்குடிப் பெயராகத்தான் இருக்கும் என்பது இரண்டாவது. யோடர்கள் அனைவரும் ஒரே பாட்டனின் வாரிசுகள் என்பது மூன்றாவது. முதலிரண்டும் தவறு, மூன்றாவது பாதி சரி.

குழப்பத்துக்குக் காரணம், நான்கு தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதுதான். பெயரின் பொருள் என்ன என்பது ஒரு கேள்வி. அது எந்த ஊரில் குடும்பப் பெயராயிற்று என்பது வேறு. இன்று எத்தனை பேருக்கு அது இருக்கிறது என்பது மூன்றாவது. அவர்கள் ஒருவருக்கொருவர் உறவா என்பது நான்காவது. ஒன்றுக்கு விடை தெரிந்துவிட்டதால் மற்றொன்றுக்கும் தெரிந்துவிட்டதாக ஆகாது.

## உறைந்துபோன அடைமொழி

நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் இருந்தால் ‘பால்காரர் முருகேசன்’, ‘கிணத்தடி முருகேசன்’, ‘நெட்டை முருகேசன்’ என்று பிரித்துக்கொள்வோம். 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் பகுதிகளிலும் இதுவே நடந்தது. ஊரில் ஹான்ஸ்களும் உலிகளும் பெருகிவிட்டார்கள். நகரங்களில் வரிப் பட்டியலும் நிலப் பத்திரமும் எழுதத் தொடங்கியபோது வெறும் ‘ஹான்ஸ்’ போதவில்லை. பாலத்தருகே குடியிருந்தவர் ‘சூர்பிரிகன்’ ஆனார். ‘பாலத்தண்டை’ என்பதுதான் அதன் பொருள். சரிவிலிருந்து வந்தவர் ‘அப்டெர்ஹால்டன்’. மாவு அரைத்தவர் ‘முல்லர்’, நெசவு செய்தவர் ‘வேபர்’. இன்னும் சிலர் கறுப்பர், குட்டையர் என்ற தோற்றப் பெயர்களோடு நின்றார்கள்.

நம் பால்காரர் முருகேசனின் மகன் ஆசிரியரானால் ‘பால்காரர்’ உதிர்ந்துவிடும். அங்கே அப்படி உதிரவில்லை. முல்லரின் மகன் தச்சரானபோதும் ‘முல்லர்’ என்றே எழுதப்பட்டான். அடைமொழி பொருளை இழந்து அடையாளமாக மட்டும் உறைந்த அந்தத் தருணத்தில்தான் அது குடும்பப் பெயர் ஆகிறது. தலைமுறைதோறும் மாறாமல் இறங்கும் பெயரையே இந்தக் கட்டுரையில் குடும்பப் பெயர் என்கிறேன். நம் தலைப்பெழுத்தும் தந்தையைத்தான் சுட்டுகிறது. ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறிவிடுவதால் அது குடும்பப் பெயர் ஆகாது.

இந்த உறைதல் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. நகரத்தாரிடமும் நிலப்பிரபுக்களிடமும் முன்னதாகவும், மலைக் கிராமத்து உழவர்களிடம் பிந்தியும் நிகழ்ந்தது. முழுமையாக நிலைபெறச் சில நூற்றாண்டுகள் ஆயின.

சுருங்கச் சொன்னால், குடும்பப் பெயர்கள் இருப்பிடம், தொழில், தோற்றம், தந்தையின் பெயர் என்னும் நான்கு வழிகளில் பிறந்தன. யோடர் நான்காவது வகையைச் சேர்ந்தது. மொழியியலார் இதைத் தந்தைவழிப் பெயர் என்பார்கள்.

## ஆயரின் பெயர் ஆயனின் மகனுக்கு வந்த கதை

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் ரோன் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருக்கிறது வாலே மாநிலம். அங்கே இன்று மார்ட்டினி என்று வழங்கும் ஊருக்கு ரோமானியர் காலத்தில் ஆக்டோடூரஸ் என்று பெயர். 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே ஆயராக இருந்தவர் தியோடோர். 381-ஆம் ஆண்டு வட இத்தாலியின் அக்விலேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் அவர் கலந்துகொண்டதாகப் பதிவு உள்ளது. பின்னாளில் அவர் புனிதராகப் போற்றப்பட்டார். தியோடுல் என்றும் அவரை அழைப்பார்கள்.

மக்கள் மனத்தில் அவருக்கு இடம் கொடுத்தவை சங்கப் பதிவுகளல்ல, கதைகள்தாம். ரோமிலிருந்து ஒரு கோயில் மணியைப் பேயின் தலையில் சுமக்க வைத்து ஆல்ப்ஸைக் கடந்தார் என்பது அவற்றில் மிகப் பெயர் பெற்றது. ஓவியங்களில் அவர் காலடியில் மணி தூக்கிய பேயைக் காணலாம். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கும் அவரே காவலர். மேட்டர்ஹார்ன் சிகரத்தை ஒட்டி இத்தாலிக்குச் செல்லும் கணவாய்க்கு இன்றும் தியோடுல் கணவாய் என்றுதான் பெயர். வாலேயின் மேற்பகுதியிலிருந்து வேறு மலைப் பள்ளத்தாக்குகளுக்குக் குடிபெயர்ந்த வால்சர் என்னும் ஜெர்மன் மொழி மக்கள், போன இடமெல்லாம் அவர் வழிபாட்டையும் எடுத்துச் சென்றார்கள்.

நீண்ட பெயர் நாக்கில் தேய்வது எங்கும் உள்ள வழக்கம். யோஹான்னஸ் அங்கே ஹான்ஸ் ஆனது, யாக்கோப் யாகி ஆனது, உல்ரிக் உலி ஆனது. அவ்வாறே தியோடோர் தேய்ந்து ‘யோடர்’ ஆயிற்று. புனிதரையே ‘சாங்க்ட் யோடர்’ என்றார்கள். பெற்றோர் தம் ஆண் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மாடு மேய்க்கும் ஆயனின் மகனும் யோடர் ஆனான். அப்படி ஒரு யோடரின் பிள்ளைகளை ஊரார் ‘யோடர் வீட்டார்’ என்று குறித்து, அந்தக் குறிப்பு எழுத்தில் ஏறி உறைந்தபோது குடும்பப் பெயர் பிறந்தது.

யோடலிங் கதை இங்கேயே அடிபட்டுப் போகிறது. யோடலிங்கைக் குறிக்கும் ஜெர்மன் சொல், ‘யோ’ என்ற கூவலிலிருந்து வந்தது. அதற்கும் தியோடோருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒலி ஒத்திருப்பதைக் கண்டு இப்படிப் பொருள் கற்பிப்பதை நாட்டார் சொற்பிறப்பு என்பார்கள். இது படிக்காதவர்களின் பிழை என்று எண்ண வேண்டாம். சூரிக் நகரின் கிறித்தவச் சமயச் சீர்திருத்தத் தலைவர் உல்ரிக் ஸ்விங்லி பெரிய கல்விமான், அவரே தம் பெயரை ‘ஹுல்ட்ரிக்’ என்று மாற்றி எழுதி, ‘அருள் நிறைந்தவன்’ என்ற பொருள் தொனிக்கச் செய்துகொண்டார்.

## அரிய பெயர் எப்படி அரிதாகிறது

சுவிட்சர்லாந்தில் மிகுதியாகக் காணப்படும் குடும்பப் பெயர் முல்லர். காரணம் எளிது: ஓடை இருந்த ஊரிலெல்லாம் மாவு ஆலை இருந்தது, ஆலை இருந்த இடத்திலெல்லாம் ஒரு முல்லர் இருந்தார். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கான இடங்களில் அந்தப் பெயர் தனித்தனியே முளைத்தது. இதைப் பல தோற்றப் பெயர் என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு குறிப்பிட்ட சரிவையோ, ஒரே ஒரு பண்ணையையோ, அரிதாகச் சூட்டப்பட்ட ஓர் ஆளின் பெயரையோ பற்றிக்கொண்டு பிறந்த பெயர் ஓரிரு இடங்களில் மட்டுமே முளைக்கும். அது ஒற்றைத் தோற்றப் பெயர். ஆக, ஒரு பெயர் எத்தனை விதைகளோடு தொடங்கியது என்பது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் பலருக்கு வியப்பளிக்கும். போரும் பஞ்சமும் கொள்ளைநோயும் இல்லாவிட்டாலும், வெறும் தற்செயலே பெயர்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், பெருங்குடிகளின் பெயர்கள் மறைந்துவருவதைக் கண்டவர்கள் அந்தக் குடிகள் சீரழிந்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அது எவருக்கும் நேரக்கூடியதா என்று ஆங்கிலேய அறிவியலாளர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1873-இல் கணிதக் கேள்வியாக முன்வைத்தார். ஹென்றி வாட்சன் என்ற கணிதம் அறிந்த பாதிரியார் விடை காண முயன்றார். அவர்கள் இருவரின் பெயராலும் அந்தக் கணக்கு முறை இன்று அறியப்படுகிறது. பிரெஞ்சுக் கணிதர் பியெனமே 1845-இலேயே இதே முடிவைத் தொட்டிருந்தார் என்பது பின்னால்தான் கவனத்துக்கு வந்தது.

கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் ஆயிரம் ஆண்கள், ஆயிரம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். பெயர் மகன் வழியாக மட்டுமே இறங்கும். ஒவ்வொருவருக்கும் மகன் இல்லாமல் போகவோ, ஒரு மகன் இருக்கவோ, இரு மகன்கள் இருக்கவோ சம வாய்ப்பு என்று கொள்வோம். சராசரி ஒரு மகன். எனவே ஊரின் மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

முதல் தலைமுறையிலேயே மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 333 பெயர்கள், மகன் இல்லாத காரணத்தால் மறைந்துவிடும். அடுத்த தலைமுறையில், ஒரே மகனோடு தப்பிய பெயர்களில் மூன்றில் ஒன்றும், இரு மகன்களோடு தப்பியவற்றில் இருவருக்குமே மகன் இல்லாமற்போகும் ஒன்பதில் ஒன்றும் உதிரும். இப்போது மறைந்தவை மொத்தம் 481. இப்படியே பத்துத் தலைமுறை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், கணக்கிட்டால் ஆயிரத்தில் எஞ்சுவது சுமார் 203 பெயர்கள் மட்டுமே. ஊரில் அப்போதும் ஆயிரம் ஆண்கள்தாம் இருப்பார்கள். எஞ்சிய பெயர் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ஐந்து பேர் கிடைப்பார்கள். ஆனால் அந்த ஐந்தும் சமமாகப் பங்கிடப்படாது. ஒரு பெயரை ஒருவர் மட்டும் தாங்கிக்கொண்டிருக்க, இன்னொரு பெயர் இருபது பேரிடம் பரவியிருக்கும்.

இதில் யாருடைய திறமையும் இல்லை, குலப் பெருமையும் இல்லை. அரிய பெயர் என்பதாலேயே அது உயர்குடிப் பெயர் என்று முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் மறைவதும் வம்சம் மறைவதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மேலே குறிப்பிட்ட ஸ்விங்லி 1531-இல் கப்பெல் போர்க்களத்தில் இறந்தார். அவருடைய மகள் ரெகுலா, ருடோல்ஃப் குவால்ட்டர் என்ற திருச்சபைத் தலைவரை மணந்தார். ரெகுலாவின் பிள்ளைகள் ஸ்விங்லியின் பேரப்பிள்ளைகளே. ஆயினும் எந்தப் பதிவேட்டிலும் அவர்கள் குவால்ட்டர்கள்தாம். பெயரை மட்டும் எண்ணுகிறவரின் கணக்கில் மகள்வழி முழுவதும் விடுபட்டுப்போகும்.

ஆக, ஒரு பெயர் அரிதாக இருப்பதற்கு, அது தொடக்கத்தில் எத்தனை இடங்களில் முளைத்தது என்பதும், பிறகு மகன்களின் சீட்டுக்குலுக்கலில் அதற்கு என்ன விழுந்தது என்பதும் காரணங்கள். மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு, ஊரைவிட்டுப் போவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

## எண்ணுவதற்கு முன், எங்கே நின்று எண்ணுகிறோம்?

ஒரு பெயர் எவ்வளவு முறை காணப்படுகிறது என்பதை நிகழ்வெண் என்கிறோம். அது ஒரே எண் போலத் தோன்றினாலும் மூன்று வெவ்வேறு அளவுகளை மக்கள் அந்தச் சொல்லால் குறிக்கிறார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பது ஒன்று. பத்தாயிரம் பேரில் எத்தனை பேர் என்ற விகிதம் இன்னொன்று. எந்த வட்டாரத்தில் குவிந்திருக்கிறது என்பது மூன்றாவது. நாட்டளவில் அரிதான பெயர், ஒரே பள்ளத்தாக்கில் பள்ளிக்கூட வகுப்பின் பாதியை நிரப்பலாம். சுவிஸ் மலைப்பகுதிகளில் இது வழக்கமான காட்சியே.

இந்தக் குவிப்பைக் கண்டறிய அந்த நாட்டில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வசதி உண்டு. சுவிஸ் குடிமகன் ஒவ்வொருவருக்கும் ‘ஹைமாட்டோர்ட்’ என்ற ஒன்று இருக்கும். பூர்வீக ஊர் என்று சொல்லலாம். அது பிறந்த ஊரன்று, வாழும் ஊரும் அன்று. முன்னோர் எந்த ஊராட்சியில் குடியுரிமை பெற்றிருந்தார்களோ அந்த ஊர். தாத்தாவின் தாத்தா காலத்திலேயே விட்டுவந்த ஊராக இருந்தாலும், போய்ப் பார்த்ததே இல்லையென்றாலும், கடவுச்சீட்டில் பிறந்த ஊருக்குப் பதிலாக அதுவே அச்சாகும். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் பிறந்தது பாசலில். ஆனால் அவருடைய பூர்வீக ஊர், நாட்டின் மறுகோடியில் ஆஸ்திரிய எல்லையை ஒட்டியிருக்கும் பெர்னெக் என்ற திராட்சைத் தோட்டக் கிராமம். அவருக்கு நூறாண்டுக்கும் முந்திய எழுத்தாளர் ஹைன்ரிக் ஃபெடரர் பிறந்தது பெர்ன் மாநிலத்தின் பிரீன்ஸில்; அவருடைய பூர்வீக ஊரும் பெர்னெக்தான். இறகைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த இந்தப் பெயரின் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இறகு வணிகம் நடந்த ஊர்களைத் தேடினால் நாள் முழுதும் அலையலாம். பூர்வீக ஊரைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் கிராமம் தெரிந்துவிடும்.

சுவிட்சர்லாந்தின் குடும்பப் பெயர்ப் பதிவு நூல் இந்த வசதியை மேலும் பெருக்கியது. 1962-இல் ஏதேனும் ஒரு சுவிஸ் ஊராட்சியின் குடியுரிமை பெற்றிருந்த குடும்பங்களின் பெயர்கள், ஏறத்தாழ 48,500, அதில் இடம்பெற்றுள்ளன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பூர்வீக ஊரும், அந்தக் குடும்பம் எப்போது அந்த உரிமை பெற்றது என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். 1800-க்கு முன்பே என்றால் ‘அ’ என்ற முதல் எழுத்து, 19-ஆம் நூற்றாண்டில் என்றால் இரண்டாம் எழுத்து, அதற்குப் பின் என்றால் மூன்றாம் எழுத்து என ஓர் எளிய அடையாள முறை உண்டு. முல்லருக்கு எதிரே ஊர்கள் நீண்டுகொண்டே போகும். ஒரு பெயருக்கு எதிரே பழைய ஊர் ஒன்றோ இரண்டோ மட்டும் இருந்து, மற்றவை பிற்காலத்தவையாக இருந்தால், அது ஒற்றைத் தோற்றப் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம்.

புதிதாகத் தேடுகிறவர்கள் இங்கே ஒரு குழியில் விழுவார்கள். அந்த நூல் ஊர்களைப் பட்டியலிடுகிறதே ஒழிய ஆட்களை எண்ணவில்லை. ஒரே ஊர் குறிக்கப்பட்ட பெயருக்கு ஆயிரம் பேர் இருக்கலாம். ஐந்து ஊர் குறிக்கப்பட்ட பெயருக்கு முப்பது பேர்கூட இல்லாமல் போகலாம். ஆட்களின் எண்ணிக்கை வேண்டுமானால் கூட்டரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். தோற்றத்துக்கு ஒரு கருவி, எண்ணிக்கைக்கு வேறொரு கருவி.

2013-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, திருமணமானாலும் இருவரும் அவரவர் பெயரையும் பூர்வீக ஊரையும் தக்கவைத்துக்கொள்கிறார்கள். விரும்பினால் இருவரில் ஒருவர் பெயரைப் பொதுவாகத் தேர்ந்தெடுக்கலாம். மேலே போட்ட ‘மகன் வழியாக மட்டும்’ என்ற கணக்கு, எதிர்காலத்துக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

## ஸ்டெஃபிஸ்புர்க்கிலிருந்து பென்சில்வேனியா வரை

யோடர் பெயரின் பூர்வீக ஊராகப் பெரிதும் பேசப்படுவது, பெர்ன் மாநிலத்தில் தூன் நகரை அடுத்துள்ள ஸ்டெஃபிஸ்புர்க். அந்தப் பெயர் அங்கே அரிதாகி, கடலுக்கு அப்பால் பெருகியதற்குக் காரணம் மதம்.

1525 ஜனவரியில் சூரிக்கில் ஒரு சிறு கூட்டத்தார், குழந்தைக்குத் தரும் ஞானஸ்நானம் செல்லாது, விவரம் தெரிந்த வயதில் தானாக முன்வந்து பெறுவதே செல்லும் என்று ஒருவருக்கொருவர் மீண்டும் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். இவர்களை மறுஞானஸ்நானத்தார் என்று அழைத்தார்கள். ஆயுதம் ஏந்த மாட்டோம், சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டோம் என்றும் அவர்கள் சொன்னதால் அரசுகள் அஞ்சின. பெர்ன் மாநிலத்தின் எம்மென்டால் பள்ளத்தாக்கிலும் தூன் பகுதியிலும் இந்தக் கொள்கை ஆழ வேரூன்றியது. ஸ்டெஃபிஸ்புர்க்கும் அதன் களங்களுள் ஒன்று.

பெர்ன் 1528-இல் சீர்திருத்தச் சமயத்துக்கு மாறியபோது, திருச்சபைகள் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டது. பெயர் ஆராய்ச்சிக்கு இந்தப் பதிவேடுகள் பொற்சுரங்கம். ஆனால் குழந்தைக்கு ஞானஸ்நானமே வேண்டாம் என்ற குடும்பத்தின் குழந்தை ஞானஸ்நானப் பதிவேட்டில் எப்படி இருக்கும்? யோடர்களின் சில கிளைகள் பதிவேட்டில் திடீரென்று மறைந்து, பிறகு எங்கோ வெளிப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பதிவில் இல்லாதவர் பிறக்காதவர் அல்லர்.

அடக்குமுறை கடுமையானபோது மக்கள் நகர்ந்தார்கள். 1671-இல் மட்டும் ஏறத்தாழ எழுநூறு பேர் பெர்னிலிருந்து ஜெர்மனியின் பலட்டினேட் பகுதிக்குச் சென்றார்கள். வேறு பலர் அல்சாஸில் குடியேறினர். 1711-இல் பெர்ன் அரசே நூற்றுக்கணக்கானோரைப் படகுகளில் ஏற்றி ரைன் ஆற்றின் வழியே நெதர்லாந்துக்கு அனுப்பிவைத்தது. இதற்கிடையில் 1693-இல் யாக்கோப் அம்மான் என்ற பெர்ன் மாநிலத்துப் போதகர், ஒழுக்கக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டதாகச் சொல்லித் தம் ஆதரவாளர்களோடு பிரிந்தார். அவர் பெயரால் வழங்கும் பிரிவினரே ஆமிஷ் மக்கள். கார் இல்லாமல் குதிரை வண்டியில் செல்பவர்களாக இன்று உலகம் அவர்களை அறிந்திருக்கிறது. சமய உரிமை தந்த பென்சில்வேனியாவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் கப்பலேறியவர்களில் யோடர்களும் இருந்தார்கள். ஆமிஷ் அல்லாத யோடர்களும் அதே நூற்றாண்டில் அங்கே சேர்ந்தார்கள்.

அங்கேதான் எழுத்து மாறியது. ஜெர்மன் மொழியில் இந்தப் பெயரின் முதல் எழுத்து ‘ஜே’. ஆனால் ஜெர்மானியர் அந்த எழுத்தை ‘ய’ என்றே ஒலிப்பார்கள். ஆங்கிலேயர் அதே எழுத்தைப் பார்த்தால் ‘ஜோடர்’ என்று படித்துவிடுவார்கள். ஒலியைக் காப்பாற்ற எழுத்தை ‘ஒய்’ ஆக்கினார்கள். தமிழில் எழுதும் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை; இரண்டும் யோடர்தான். நியூயார்க்கின் எல்லிஸ் தீவு அதிகாரிகள்தாம் இப்படிப் பெயர்களைச் சிதைத்தார்கள் என்று அமெரிக்காவில் பரவலாகச் சொல்வார்கள். அந்தத் தீவில் குடியேற்ற நிலையம் திறந்ததே 1892-இல். யோடர்கள் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வந்து, உழுது, விதைத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

பெருகியதற்கான காரணத்தை ஓர் ஊறுகாய் ஜாடியைக் கொண்டு விளக்கலாம். பல நிறக் கற்கள் கலந்த பெரிய ஜாடியில் நீலக் கல் நூற்றில் ஒன்றுதான் என்று கொள்வோம். அதிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளி வேறு ஜாடியில் போடுகிறோம். கையில் பத்துக் கற்கள். தற்செயலாக அவற்றில் இரண்டு நீலம். புதிய ஜாடியில் நீலம் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இனி அந்தக் கற்கள் அதே விகிதத்தில் பெருகினால், அங்கே பிறந்து வளர்ந்தவருக்கு நீலம் என்பது மிகச் சாதாரண நிறம். இதை நிறுவனர் விளைவு என்பார்கள்: சிறு குழு பிரிந்து போய்ப் புதிய சமூகத்தைத் தொடங்கும்போது, அந்தக் குழுவில் தற்செயலாக எது மிகுந்திருந்ததோ அது புதிய சமூகத்திலும் மிகுந்திருக்கும்.

ஆமிஷ் சமூகத்தில் இது உச்சத்துக்குச் சென்றது. வந்தவர்கள் சில நூறு பேர். வெளியாரை மணப்பதில்லை, வெளியிலிருந்து சேர்வோரும் மிகக் குறைவு. ஆகவே புதிய குடும்பப் பெயர் உள்ளே வர வழியில்லை. ஒரு வீட்டில் ஆறேழு பிள்ளைகள் இருப்பது அங்கே இயல்பு. 1920-இல் ஏறத்தாழ ஐயாயிரமாக இருந்த அவர்கள் தொகை 2020-இல் மூன்றரை லட்சத்தை எட்டியது. நூறாண்டுகளில் எழுபது மடங்கு! முன்பு போட்ட கணக்கில் சராசரி மகன் ஒருவர் என்று வைத்தோம். அந்தச் சராசரி இரண்டு, மூன்று என்று உயர்ந்தால் பெயர் மறையும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்து, தப்பிய பெயர் காட்டாறு போலப் பெருகும். அமெரிக்காவில் இன்று யோடர்கள் பல பத்தாயிரம் பேர்.

ஆகவே யோடர் அரிய பெயரா, மிகுதியான பெயரா என்று இடம் சொல்லாமல் கேட்டால் அந்தக் கேள்விக்குப் பொருளே இல்லை.

## ஒரே பெயர் என்றால் உறவா?

அரிய பெயரை இருவர் பகிர்ந்துகொண்டால் அவர்கள் உறவினராக இருக்கும் வாய்ப்பு, இரு முல்லர்கள் உறவாக இருக்கும் வாய்ப்பைவிட மிக அதிகம். அந்த அளவுக்கு மூன்றாவது கதை சரி. ஆனால் யோடர் என்பது ஆளின் பெயராகப் பல பள்ளத்தாக்குகளில் சூட்டப்பட்ட ஒன்று என்பதால், தொடர்பில்லாத இரண்டு தந்தையர் இரண்டு இடங்களில் தத்தம் குடும்பத்துக்கு அந்தப் பெயரை விட்டுச்சென்றிருக்க முடியும். வாய்ப்பு என்பது சான்று அன்று. சான்று வேண்டுமென்றால் இருவரும் தலைமுறை தலைமுறையாகப் பதிவேடுகளில் பின்னோக்கிச் சென்று ஒரே ஆளிடம் சேர வேண்டும். ஆண்வழியில் இறங்கும் ‘ஒய்’ குரோமோசோமை ஒப்பிட்டுப் பார்க்கும் மரபணுச் சோதனையும் துணைசெய்யும். குடும்பப் பெயரும் அந்தக் குரோமோசோமும் ஒரே தடத்தில் பயணம் செய்பவை.

துணை செய்யாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘உங்கள் குடும்பச் சின்னம்’ என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சிட்டு விற்கும் வணிகர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் சாதாரண உழவர் குடும்பங்களும் கைவினைஞர்களும்கூடச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். அது ஒரு குறிப்பிட்ட குடும்பத்துடையது. அந்தப் பெயர் கொண்ட அனைவருக்கும் பொதுவானதன்று. உயர்குடி என்பதற்கும் அது அத்தாட்சி ஆகாது.

## பெயர் போதாமல் போகும்போது

ஆமிஷ் குடியிருப்புகளில் இப்போது நடப்பது, முன்பு சொன்ன மூன்று முருகேசன்களின் தெருவை நினைவூட்டுகிறது. குடும்பப் பெயர்கள் சில டஜன்தான். முதற்பெயர்களையும் விவிலியத்திலிருந்தே பெரும்பாலும் எடுக்கிறார்கள். ஒரே வட்டாரத்தில் பல ஜான் யோடர்கள் சேர்ந்துவிடுகிறார்கள். தபால்காரருக்கே திண்டாட்டம். எனவே தந்தையின் பெயரைச் சேர்த்தும், தொழிலைச் சொல்லியும், உடல் அடையாளத்தைச் சொல்லியும் பட்டப்பெயர் வைத்து அழைத்துக்கொள்கிறார்கள். மனிதரைப் பிரித்துக் காட்ட வந்த ‘யோடர்’ அந்த வேலையைச் செய்ய முடியாத அளவுக்குப் பெருகிவிட்டதால், பழைய நான்கு வழிகளும் மீண்டும் திறந்துகொண்டன.

யோடர் புறப்பட்டுப்போன அதே சுவிட்சர்லாந்தில் இன்னொரு உறைதலும் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. 1980-களிலிருந்து அங்கே தஞ்சம் புகுந்த ஈழத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. ஆனால் சுவிஸ் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது. பலர் அதில் தந்தையின் பெயரை எழுதினார்கள். ஊரில் இருந்திருந்தால் அடுத்த தலைமுறையில் உதிர்ந்திருக்கக்கூடிய அந்தப் பெயர் அங்கே பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு அதோடு ஒரு சுவிஸ் ஊராட்சியின் பெயரும் பூர்வீக ஊராக ஒட்டிக்கொண்டது. பெர்னிலோ சூரிக்கிலோ பள்ளி செல்லும் ஒரு சிறுமியின் குடும்பப் பெயர், யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அவளுடைய பூட்டனாரின் சொந்தப் பெயராக இருக்கலாம். நாடு முழுவதிலும் அந்தப் பெயர் அவள் வீட்டில் மட்டும்தான் இருக்கும்.